அமெரிக்காவில் வாங்கிய ஐபோனில் அம்மாவின் எண் ஏறவில்லை

தம்பி நியூஜெர்சியிலிருந்து வந்தபோது அம்மாவுக்கு ஐபோன் 14 கொண்டுவந்தான். 2022 முதல் அமெரிக்காவில் விற்ற இந்த மாடலில் சிம் ட்ரே கிடையாது, இ-சிம் (போனுக்குள்ளேயே பதிவாகும் டிஜிட்டல் சிம்) மட்டும்தான். அது எங்களுக்கு இங்கே பாளையங்கோட்டை வந்த பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு மாலை அம்மாவின் பழைய போனிலிருந்து சிம் நிறுவனத்துக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, சாதாரண சிம்மை இ-சிம்மாக மாற்றக் கேட்டோம். மெயிலில் க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்ததும் 'ஆக்டிவேட்டிங்' என்று பாதியிலேயே நின்றுவிட்டது. நடுவில் வீட்டு வைஃபை போனது, அதுதான் காரணமோ என்று சந்தேகம். மறுபடி ஸ்கேன் செய்தால் இந்தக் கோடு செல்லாது என்கிறது. பழைய சிம்மிலும் சிக்னல் இல்லை. இன்று புதன்.

ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் எடுக்கும்படி லாக் செய்த போன் இல்லை இது. செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய்ப் பார்த்தேன், 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றே இருக்கிறது. *#06# அடித்து 32 இலக்க இஐடி (இ-சிம் சிப்பின் அடையாள எண்), ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். ரீஸ்டார்ட், நெட்வொர்க் ரீசெட், ஐஓஎஸ் அப்டேட் எல்லாம் செய்தாயிற்று. தம்பியின் ஹாட்ஸ்பாட்டிலும் முயன்றேன். கடைக்காரர் வெளிநாட்டு போன் இங்கே எடுக்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது சரியில்லை, தம்பியின் இதே மாடலில் வேறொரு இந்திய இ-சிம் நன்றாகவே ஓடுகிறது.

அம்மாவின் பென்ஷன் கணக்குக்கு ஓடிபி இந்த எண்ணுக்குத்தான் வரும். புது சிம் போட்டால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸும் நிற்கும், அதனால் இனி ஒரு நாளையும் வீணாக்க முடியாது.

பாதியில் நின்ற இ-சிம்முக்கு, எண் மாறாமல் புது க்யூஆர் கோடு வாங்க என்ன செய்ய வேண்டும்?