செரிமனி ஸ்பூக்கி டூத்தைக் கெடுத்ததா?

கறுப்புத்தட்டு:
ஸ்பூக்கி டூத் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: 'செரிமனி' என்ற ஒரே இசைத்தட்டு நல்ல குழுவைக் கவிழ்த்துவிட்டது. 1969 தொடக்கத்தில் வந்த அவர்களின் 'ஸ்பூக்கி டூ' தட்டில் எட்டே பாட்டு. அதில் 'ஈவில் உமன்' மட்டும் ஒன்பது நிமிடம். மைக் ஹாரிசன் கரகரவென்று அடிவயிற்றிலிருந்து சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் பாடல்முறை) பாட, கேரி ரைட் கள்ளக்குரலில் அதற்கு மேலே ஏறிப் போக, இடையில் லூதர் குரோவ்னரின் கிட்டார் புகுந்து வருவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அதே வருடக் கடைசியில் வந்த 'செரிமனி'யில், பிரெஞ்சு மின்னணு இசையமைப்பாளர் பியேர் ஆன்ரியின் இரைச்சலுக்கு அடியில் இவர்களே காணாமல் போனார்கள்.

நள்ளிரவுக்கேள்வி:
இரைச்சல் என்று ஒரே வார்த்தையில் தள்ளாதீர்கள் நண்பரே. தேவாலயப் பூசையை ராக் குழுவை வைத்துச் செய்து பார்த்த முயற்சி அது. 'ஜூபிலேஷன்', 'ஹோசன்னா' இரண்டிலும் ஆன்ரியின் ஒலிகளை மறந்துவிட்டு ஆர்கனையும் கிட்டாரையும் மட்டும் கவனியுங்கள், கனமான ப்ளூஸ் அப்படியே இருக்கிறது. அப்புறம், குழு அதற்கு முன்பே ஆட்டம் காண ஆரம்பித்துவிட்டது. பேஸ் வாசித்த கிரெக் ரிட்லி ஹம்பிள் பை குழுவுக்குப் போய்விட்டார், 'செரிமனி'யில் வாசிப்பது ஆண்டி லீ. பழியை எல்லாம் ஒரு தட்டின் மேல் போடுவது நியாயமா?

கறுப்புத்தட்டு:
ரிட்லி போனது இழப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேஸ் வாசிக்க இன்னொருவர் கிடைத்தார். 'செரிமனி'க்குப் பின் கேரி ரைட் போனதும் பாட்டு எழுத ஆள் இல்லை. 1970இல் வந்த 'தி லாஸ்ட் பஃப்' தட்டில் பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டுகள்தான், பீட்டில்ஸின் 'ஐ ஆம் தி வால்ரஸ்' உட்பட. 'செரிமனி' ஸ்பூக்கி டூத் தட்டே இல்லை, அதை எங்கள் பெயரில் வெளியிட்டதுதான் எங்களைக் கெடுத்தது என்று ரைட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நள்ளிரவுக்கேள்வி:
சரி, அப்படியானால் தப்பு இசையில் இல்லை, அட்டையில் போட்ட பெயரில் இருக்கிறது. நான் சொல்வதும் அதேதான்! ஆன்ரியின் பெயரில் மட்டும் வந்திருந்தால் இன்று எல்லோரும் ஆசையாகத் தேடிக் கேட்டிருப்பார்கள்.

கார்லைல்பக்கம்:
இரண்டு பேரும் ஆரம்பத்தை விட்டுவிட்டீர்கள். வட இங்கிலாந்தின் கார்லைல் ஊரில் ரிதம் அண்ட் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்த வி.ஐ.பி.ஸ் குழுதான் 1967இல் 'ஆர்ட்' ஆகி, நியூ ஜெர்சிக்காரர் ரைட் வந்து சேர்ந்ததும் ஸ்பூக்கி டூத் ஆனது. இரண்டு பாடகர்கள், ஆர்கன், பியானோ என்று இரண்டு கீபோர்டுகள். அந்த இரட்டை அமைப்பில்தான் சோலும் ப்ரோகும் (ப்ரோக்ரசிவ் ராக், ராக்கை நீட்டிச் சோதித்துப் பார்க்கும் பாணி) ஒட்டின. எனக்கு 'செரிமனி'யில் குறையாகப் படுவதும் அதுதான், ஹாரிசனும் ரைட்டும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதுபோல் பாடுவதற்கு அதில் இடமே இல்லை.

நள்ளிரவுக்கேள்வி:
இதை மறுக்க முடியவில்லை. 'ஜூபிலேஷன்' மட்டும் விட்டுத்தர மாட்டேன்.