வால்வெள்ளியின் வெளிச்சத்தை அளந்தால் எனக்கு மட்டும் மங்கலாக வருகிறது

கல்லடியான்:
2024 ஒக்டோபரில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளியைப் பார்த்து எழுதிய கொப்பியை இப்போதுதான் தூசி தட்டினேன். 17ஆம் திகதி, பூரணை லீவு. கல்லடிக் கடற்கரை கிழக்குப் பார்த்தது என்பதால் வாவிப் பக்கம் போய் 10×50 பைனாகுலரில் பார்த்தேன். உயரத்தில் திருவோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தராசெட் நட்சத்திரத்தை விட (வெளிச்ச எண் 2.7; எண் கூடினால் வெளிச்சம் குறைவு) கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததால் 2.9 என்று குறித்தேன். அந்த நாட்களில் மற்றவர்கள் கோப்ஸ் என்ற வால்வெள்ளி அவதானிப்புத் தளத்தில் போட்ட கணக்கோ என்னுடையதை விட நல்ல வெளிச்சம். கண்ணில் கோளாறா, கணக்கில் கோளாறா?

வாவிக்கரை:
பூரணை நிலா முதுகுக்குப் பின்னால் எழும்ப வால்வெள்ளி பார்த்தீர்களா, வால் தெரிந்ததே பெரிய விசயம் 😀

சம்மாந்துறை வயல்:
தம்பி, கண்ணில் ஒன்றுமில்லை. இரண்டு பிழை, இரண்டும் ஒரே பக்கம் இழுத்திருக்கிறது. தராசெட் உயரத்தில், வால்வெள்ளி மேற்கே தாழ்வில். தாழ்வில் இருப்பதன் ஒளி தடித்த காற்றைக் கடந்து வரும்போதே குறைந்துவிடும், அதுவும் மழைக்காலத்து ஈரக்காற்றில். ஒப்பிடும் நட்சத்திரம் வால்வெள்ளியின் உயரத்திலேயே இருக்க வேண்டும். அன்றைக்குப் பாம்பு மண்டலத்து உனுகல்ஹாய் நட்சத்திரம் (2.6) பக்கத்திலேயே நின்றதே!

அடுத்தது இதைவிடப் பெரியது. நட்சத்திரம் ஊசி முனை, வால்வெள்ளியின் தலை பஞ்சு. அதே அளவு ஒளி பரந்து கிடந்தால் கண் அதை மங்கல் என்றுதான் சொல்லும். அதனால் முதலில் வால்வெள்ளியைக் கூர்மையாகப் பார்த்துத் தலையின் சராசரி வெளிச்சத்தை மனதில் பிடியுங்கள். அப்புறம் போகஸைக் கலைத்து நட்சத்திரத்தை அந்தத் தலையின் அளவுக்கு ஊத வைத்து ஒப்பிடுங்கள். இதற்கு சிட்விக் முறை என்று பெயர். ஒரு நட்சத்திரம் போதாது, வால்வெள்ளியை விட வெளிச்சம் ஒன்று கூடவும் ஒன்று குறையவுமாக இரண்டு வேண்டும், எது பக்கத்தில் வருகிறது என்று பார்த்து இடையில் எண் போடலாம். தராசெட் செம்மஞ்சள் நிறம், சிவப்புப் பக்கம் போகும் நட்சத்திரங்கள் கண்ணை ஏமாற்றும், அதையும் விடுங்கள். பழைய 2.9ஐ இப்போது திருத்தாதீர்கள், பார்த்தது பார்த்ததுதான், பக்கத்தில் குறிப்பு மட்டும் எழுதுங்கள்.

அக்கரைப்பற்று பையன்:
இடையில் ஒரு கேள்வி. நான் எடுத்த எம்104 (கன்னி ராசிப் பக்கம் தெரியும் விண்மீன் திரள்) படத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளி இருக்கிறது. சுப்பர்நோவாவா, அதாவது வெடித்த நட்சத்திரமா? எந்த வகை என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்லலாமா?

சம்மாந்துறை வயல்:
ஒரு மணித்தியாலம் விட்டு இன்னொரு படம் எடுங்கள். நகர்ந்தால் சிறுகோள், கன்னி ராசிப் பக்கம் அவை அடிக்கடி குறுக்கே போகும். நகராவிட்டால் பழைய படங்களோடு ஒப்பிட்டு, புதிதாகத் தோன்றுபவற்றைப் பதியும் டிஎன்எஸ் தளத்தில் யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். ஒரு நாள் வெளிச்சத்தை வைத்து வகை சொல்ல முடியாது, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை வேண்டும். ஹைட்ரஜன் கோடு தெரிந்தால் இரண்டாம் வகை, அது இல்லாமல் சிலிக்கன் உறிஞ்சிய பள்ளம் 615 நனோமீற்றர் அளவில் தெரிந்தால் ஒன்று-ஏ வகை. 2023 மே 19இல் ஜப்பானிய வான் அவதானிப்பாளர் இதாகாகி எம்101 என்ற விண்மீன் திரளில் கண்டுபிடித்த சுப்பர்நோவாவை ஒரு நாளுக்குள் இரண்டாம் வகை என்று சொன்னது நிறமாலையை வைத்துத்தான்.

வாவிக்கரை:
1987இல் பெரிய மகெல்லன் முகில் என்ற பக்கத்து விண்மீன் திரளில் வெடித்த சுப்பர்நோவா வெறுங்கண்ணுக்கே தெரிந்ததாம். அந்த வருசம் நாங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தது வேறு காரணத்துக்கு.

கல்லடியான்:
உனுகல்ஹாய் என் கொப்பிப் படத்திலேயே இருக்கிறது, பெயர் தெரியாமல் வெறும் புள்ளியாக வைத்திருக்கிறேன். இன்றிரவு மழை இல்லாவிட்டால் ஏதாவது நட்சத்திரத்தை ஊத வைத்துப் பழகிப் பார்க்கிறேன்.