டைகாஸ்ட் போர் விமான மாடலுக்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம்.

'டைகாஸ்ட் ஸ்கேல் மாடல்' என்பது நிஜத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, உருகிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் உருவம். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகளைச் சேர்த்து வைத்துப் படித்தேன். உலோக பொம்மை, அளவுகோல் மாதிரி, அச்சுவார்ப்பு மாதிரி, உலோகச் சிறுவடிவம். எதையும் அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

பொம்மையை முதலிலேயே விலக்கிவிடலாம். 1:72 என்ற அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு அது. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தை நிழலுருவைக் கொண்டே அடையாளம் காணப் பழக்குவதற்கு இதே அளவில் மாடல்கள் செய்தார்கள். பத்து மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், 720 மீட்டரில் பறக்கும் நிஜ விமானம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். இன்று சேகரிப்பாளர் வாங்கும் ஹாபி மாஸ்டர், கார்கி நிறுவனங்களின் விமானங்களும் இதே அளவில்தான் நிறைய வருகின்றன. விளையாடக் கொடுக்கும் பொருளின் பெயர் இதற்குப் பொருந்தாது.

'உலோக' என்ற அடையும் பாதிதான் உண்மை. உடற்பகுதியும் இறக்கையும் துத்தநாகக் கலப்புலோகம். விமானி அறையின் மூடி தெளிந்த பிளாஸ்டிக். ஏவுகணை, உணர்கொம்பு (ஆன்டெனா) போன்ற மெல்லிய உறுப்புகளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், ஏனென்றால் அவ்வளவு மெல்லியதாக உலோகத்தை வார்த்து எடுப்பது கடினம். ஆகவே பொருளைச் சொல்வதைவிடச் செய்முறையைச் சொல்வது நல்லது.

அந்தச் செய்முறைக்கு 'அச்சுவார்ப்பு' சரியான சொல். மணல் வார்ப்பிலும் மெழுகு வார்ப்பிலும் ஒவ்வொரு முறையும் வார்ப்புக் கூட்டை உடைத்தால்தான் பொருள் வெளியே வரும். இங்கே எஃகு அச்சு இரண்டாகப் பிரிந்து பொருளை விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறது. உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். துத்தநாகம் 419 பாகை செல்சியஸில் உருகும். சுமார் 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்த ஜமாக் என்ற துத்தநாகக் கலவை அதற்கும் கீழேயே உருகிவிடும். இந்தக் குறைந்த வெப்பத்தால்தான் ஒரே அச்சு லட்சக்கணக்கான வார்ப்புகளைத் தாங்குகிறது. நிலையான அச்சு என்பதுதான் இதன் தனித்தன்மை, அது சொல்லிலேயே இருக்கிறது. 'அழுத்த வார்ப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழுத்தம் முக்கியம்தான், ஆனால் அச்சை விட்டுவிட்டால் பாதி போய்விடும்.

இனி 'மாதிரி'. எனக்கு மிகப் பெரிய தடை இதுதான். போர் விமானங்களைப் பற்றிப் பேசும்போது எஃப்-16 ஏ, எஃப்-16 சி என்று வகைகளைப் பிரித்துப் பேசாமல் இருக்க முடியாது. 'எஃப்-16 சி மாதிரி' என்றால் அது விமானத்தின் வகையா, அலமாரியில் நிற்பதா? வாசகர் ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்க வேண்டும். 'அளவுகோல் மாதிரி' இன்னும் மோசம், அடிக்குச்சிக்கு மாதிரி செய்ததுபோல ஆகிவிடுகிறது. 'அளவுரு' என்றால் சுருக்கமாக இருந்திருக்கும், ஆனால் கணிதத்திலும் கணினியிலும் பாராமீட்டருக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

என் பரிந்துரை 'சிற்றுரு'. சிறியது என்று மட்டும்தானே சொல்கிறது, விகிதம் எங்கே என்று கேட்கலாம். சேகரிப்பாளர் யாரும் எண்ணைச் சொல்லாமல் பேசுவதில்லை. '1:72 சிற்றுரு' என்றாலே விகிதம் வந்துவிடுகிறது. 21.9 மீட்டர் நீளமுள்ள சுகோய்-30 எம்கேஐ அந்த அளவில் முப்பது செ.மீ.க்குச் சற்று மேல். 15 மீட்டர் எஃப்-16 ஏறக்குறைய 21 செ.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிஜத்தில் உள்ள வித்தியாசம் அப்படியே தெரியும். ஒரே விகிதத்தில் சேகரிப்பதன் சுகமே அதுதான்.

விகிதம் எல்லா இடத்திலும் கண்டிப்பாக நிற்பதும் இல்லை. உடலெங்கும் ஓடும் பேனல் லைன்களை, அதாவது தகடுகள் சேரும் கோடுகளைப் பாருங்கள் (இதற்குத் 'தகட்டுக்கோடு' போதும் என்று நினைக்கிறேன்). 1:72-ல் 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கோடு, நிஜ விமானத்தில் இரண்டு செ.மீ.க்கு மேற்பட்ட பள்ளமாகிவிடும். அப்படி ஒரு விமானம் பறக்காது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யும் மிகை இது. அதனால் துல்லியத்தை அழுத்திச் சொல்லும் 'விகித ஒப்புரு' போன்ற சொற்களைவிட 'உரு' என்று நிறுத்திக்கொள்வது உண்மைக்கு நெருக்கம்.

சேர்த்தால், அச்சுவார்ப்புச் சிற்றுரு. புழக்கத்தில் 'வார்ப்புச் சிற்றுரு' என்று சுருங்கினாலும் குறையில்லை. பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி நாமே ஒட்டி வண்ணம் பூசுகிற வகைக்கு 'கோப்புச் சிற்றுரு' என்று வைத்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

அப்புறம் ஒரு சிக்கல். அச்சு என்றால் பதிப்பதும்தான். இந்த விமானங்களின் மேல் உள்ள படையணிச் சின்னம், வரிசை எண், பொடி எழுத்து எச்சரிக்கைகள் எல்லாம் டாம்போ முறையில் பதிகின்றன. பொறித்த தகட்டிலிருந்து மையைச் சிலிகோன் திண்டு ஒற்றி எடுத்து, வளைந்த உடலின் மேல் ஒற்றி வைக்கிறது. இதையும் 'திண்டு அச்சு' என்று எழுதினால் ஒரே பத்தியில் இரண்டு அச்சு மோதும். 'ஒற்றுப்பதிவு' என்று வைப்போம். நடப்பது ஒற்றுவதுதானே.

இன்னொன்றையும் இப்போதே பேசிவிடலாம், துத்தநாக வார்ப்புகளைச் சிதைக்கும் 'ஜிங்க் பெஸ்ட்'. 'துத்தநாக அரிப்பு' என்ற பரிந்துரை தவறான எண்ணத்தைத் தரும். அரிப்பு என்றால் மேலே துரு பிடிப்பதாகத்தான் தோன்றும். இது அப்படியில்லை. கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, கடைசியில் பொடியாகிறது. ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். வந்த பிறகு மருந்து கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகள் பல இப்படித்தான் போயின. 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைக் கொண்டு கலவை செய்யத் தொடங்கிய பிறகுதான் இது அரிதாகியது. மரம் உள்ளுக்குள் உளுத்துப்போவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே, அதையே எடுத்துத் 'துத்தநாக உளுப்பு' என்கிறேன். பழைய சேகரிப்பை வாங்குகிறவர் இந்தச் சொல்லைக் கேட்டாலே எதைச் சோதிக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார்.

ஜமாக்கை மொழிபெயர்க்க வேண்டாம். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது, அப்படியே இருக்கட்டும்.

'கோப்புச் சிற்றுரு' பற்றி மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. கோப்பு என்றதும் அலுவலக ஃபைல் நினைவுக்கு வருகிறது. 'பூட்டுச் சிற்றுரு' என்றால் பாகங்களைப் பூட்டுவது தெரிகிறது, ஆனால் சாவியும் கூடவே வருகிறது. இதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.