சர்வர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது, அவசரம்!!

நூல்கண்டு, திருப்பூர்
வணக்கம்ங்க. எங்கள் பனியன் கம்பெனி சர்வர் திடீரென்று ஆஃப் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. வைரஸ் ஸ்கேன் போட்டாச்சு, ஒன்றும் இல்லை. விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிட்டேன். இந்த வாரம் ஷிப்மெண்ட், ஓனர் பக்கத்திலேயே நிற்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

பீளமேட்டுப் பையன்
என்ன சர்வர்ங்க, மாடல் என்ன? ரேக்கில் ஏற்றியதா, டவரா? எந்த நேரத்தில் ஆஃப் ஆகிறது? யுபிஎஸ் இருக்கிறதா?

மஞ்சள்மண்டி, ஈரோடு
ரேம்தாங்க. யோசிக்கவே வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றி, தங்க நிறப் பட்டையை ரப்பர் வைத்து மெதுவாகத் தேய்த்து, திரும்ப மாட்டுங்க. பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

அடுக்கு42, கோவை
ஜோசியரிடம் போனால்கூடப் பிறந்த நேரமும் ஊரும் சொல்லியாக வேண்டும். இங்கே மட்டும் "ஆஃப் ஆகிறது, சொல்லுங்க" என்றால் போதுமாம். இந்தக் குழுவில் கேள்வி கேட்பதற்கு முன் என்னென்ன தர வேண்டும் என்று மேலே ஒரு பதிவைப் பின் செய்து வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை.

நூல்கண்டு
டெல் ஆர்720ங்க. செகண்ட் ஹேண்டில் எடுத்தது, ரேம் 64 ஜிபி. விண்டோஸ் சர்வரில் எங்கள் ஆர்டர் சாஃப்ட்வேரும் டேலியும் ஓடுகிறது. ரேக்தான். யுபிஎஸ் இருக்கிறது, அதில் ஒன்றும் தப்பில்லை. முன்பக்கம் நீல லைட்தான் எரிகிறது. விண்டோஸ் பிழைகளைப் பதியும் ஈவென்ட் வியூவரில் 41 என்று சிவப்பில் காட்டுகிறது.

அடுக்கு42
அந்த 41 வந்தால், முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்று அர்த்தம். காரணம் அதில் இருக்காது. எழுந்து வந்த பிறகு விண்டோஸ் எழுதும் புகார் அது. அதைத் திறந்து உள்ளே பக்செக் கோட் என்ற வரியைப் பாருங்கள். 0 என்றால் விண்டோஸ் ஸ்கிரீன் நீலமாவதற்குக்கூட நேரம் இல்லாமல் மின்சாரம் போயிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறு எண் இருந்தால் ரேம், டிரைவர் பக்கம் போகலாம்.

பல்லடம்தறி
திருப்பூர் என்றதும் எனக்குத் தோன்றியது பஞ்சுத் தூசிதான். சர்வர் முன்பக்கத்தில் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளும். கட்டிங், செக்கிங் செக்‌ஷன் பக்கத்தில் வைத்திருந்தால் முன்பக்க ஓட்டைகளில் தூசி போர்வை மாதிரி படிந்துவிடும். உள்ளே ஹீட் சிங்க்கைப் பார்த்தால் சீப்பில் முடி அடைத்த மாதிரி இருக்கும். ஹீட் ஏறினால் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும். மூடியைத் திறந்து பாருங்க. ஆனால் தையல் லைனுக்கு வரும் கம்ப்ரஸர் காற்றில் மட்டும் அடிக்காதீங்க. அதில் தண்ணீர் வரும், எண்ணெயும் வரும். கையில் பிடிக்கும் புளோயர் போதும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிங்க, சும்மா சுற்றவிடக் கூடாது.

காங்கயம் காளை
தம்பி, எர்த் பாத்தீங்களா? சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று மல்ட்டிமீட்டரில் அளந்து சொல்லுங்க. 2, 3 வோல்ட்டுக்கு மேலே போனால் கம்ப்யூட்டர் சாமானெல்லாம் கிறுக்குப் பிடிச்ச மாதிரிதான் ஆடும். நம்ம பக்கம் மழை மறைவுப் பூமி, அடியில் பாறை. கோடையில் எர்த் குழி காய்ந்துபோனால் எர்த் கம்பி பேருக்குத்தான் இருக்கும். குழியில் ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு வந்து சொல்லுங்க.

மஞ்சள்மண்டி
ரேமைக் கழற்றிப் பார்த்தீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லை.

நூல்கண்டு
ரேம் கழற்றினோம், மாட்டினோம், அன்றைக்கே மறுபடி ஆஃப். தூசி இருந்தது, புளோயரில் அடித்தாச்சு. இருந்தும் சாயங்காலம் போய்விட்டது. அந்தக் கோட் 0 என்றுதான் இருக்கிறது. ரேக் ஆபீஸ் ரூமில் இருக்கிறது, ஏசி உண்டு.

பீளமேட்டுப் பையன்
சாயங்காலம்தான் போகிறதாங்க? அந்த நேரம் கரண்ட் போய் வருகிறதா? அந்த யுபிஎஸ் எத்தனை கேவிஏ? பேட்டரி எப்போது மாற்றினது? சர்வரில் பவர் கேபிள் ரெண்டா, ஒன்றா? ரெண்டும் எங்கே போகிறது?

வான்மேகம், கோவை
எல்லோரும் என்னென்னவோ சொல்கிறீர்கள். ஆர்720 மாடல் 2012இல் வந்தது. அதை இன்னும் ரேக்கில் வைத்துக்கொண்டு தூசி துடைப்பதைவிட, எல்லாவற்றையும் கிளவுட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. யுபிஎஸ் வேண்டாம், ஏசி வேண்டாம், இந்த இழையும் வேண்டாம்.

பல்லடம்தறி
கிளவுட்டில் போட்டுவிட்டு? பாதாளச் சாக்கடைக்கு ஜேசிபி தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டால் பேக்கிங் லிஸ்ட்டை யார் போடுவது? கன்டெய்னர் வாசலில் நிற்கும், நாம் மொபைல் ஹாட்ஸ்பாட்டோடு மொட்டை மாடியில் நிற்போம்.

வான்மேகம்
ரெண்டு கம்பெனி லைன் எடுங்கள், ஒன்று போனால் இன்னொன்று. இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

பல்லடம்தறி
ரெண்டும் ஒரே போஸ்ட் கம்பத்தில்தான் வருகிறது சாமி. மாச வாடகை வேறு. ஆர்டர் இல்லாத மாசத்துக்கும் கட்டணும். செகண்ட் ஹேண்ட் சர்வர் ஒருக்கா வாங்கினால் முடிந்தது. 2012இல் பாதி நாள் கரண்ட் இல்லாத காலத்திலேயே ஜென்செட்டை வைத்துக்கொண்டு கம்பெனி நடத்தியவர்கள் நாங்கள்.

வான்மேகம்
அந்த டீசல் செலவைக் கணக்குப் போட்டீர்களா?

அடுக்கு42
கிளவுட் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே ஒருவர் ஷிப்மெண்டோடு நிற்கிறார்.

நூல்கண்டு, ஊகம் போதும், சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவான லாக்கைப் படியுங்கள். சர்வரின் பின்பக்கம், அதைக் கண்காணிப்பதற்கென்றே ஐடிராக் என்று தனியாக ஒரு நெட்வொர்க் போர்ட் இருந்தால், லேப்டாப்பை அதில் நேராகச் செருகி, லேப்டாப்புக்கு 192.168.0.10 என்று முகவரி கொடுத்து, பிரவுசரில் 192.168.0.120 போடுங்கள். முன்பு வைத்திருந்தவர்கள் மாற்றாமல் இருந்தால் யூசர் ரூட், பாஸ்வேர்ட் கால்வின். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். போர்ட் இல்லை என்றால் சர்வர் பூட் ஆகும்போது எஃப்10 அழுத்தினால் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் வரும், அதிலும் லாக் உண்டு. ஹீட்டில் நின்றிருந்தால் டெம்பரேச்சர் என்று ஒரு வரி இருக்கும். ரேம் என்றால் எந்த ஸ்லாட் என்றே எழுதியிருக்கும்.

இன்னொன்று. நீங்களே சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. தானாகவே ஆன் ஆகிவிடுகிறது என்றீர்கள். ஹீட்டில் நின்ற சர்வர் பொதுவாக நின்றபடியே கிடக்கும், யாராவது பட்டன் அழுத்த வேண்டும். மின்சாரம் அறுந்து திரும்ப வந்தால்தான் தானாக எழும். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்கான பயாஸில் ஏசி பவர் ரெக்கவரி என்று ஒரு செட்டிங் இருக்கிறது, ஓடிக்கொண்டிருந்த நிலைக்கே திரும்பு என்று அதில் இருக்கும்.

மஞ்சள்மண்டி
ரேம் இல்லை என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

காங்கயம் காளை
எர்த் வோல்ட் எத்தனைங்க தம்பி?

நூல்கண்டு
லாக்கில் டெம்பரேச்சர் எதுவும் இல்லைங்க. ரேமும் இல்லை. பவர் சப்ளை 1 இன்புட் லாஸ்ட், பவர் சப்ளை 2 இன்புட் லாஸ்ட் என்று இருக்கிறது, ரெண்டும் ஒரே நேரம். கேபிள் ரெண்டும் ரேக்குக்குள் இருக்கும் ஒரே யுபிஎஸ்ஸுக்குத்தான் போகிறது. 1 கேவிஏ. ஆனால் யுபிஎஸ் மேல் சந்தேகம் இல்லைங்க. தினம் கரண்ட் போய் ஜென்செட் எடுக்கும், அப்போதெல்லாம் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என்றைக்காவதுதான் இப்படி.

பீளமேட்டுப் பையன்
சைன் வேவ் யுபிஎஸ்ஸாங்க? விலை குறைந்த சில யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு மாதிரியான அலையைத்தான் தரும். சர்வர் பவர் சப்ளையில் இருக்கும் பவர் ஃபேக்டர் திருத்தும் சர்க்யூட்டுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் கட் ஆகலாம்.

அடுக்கு42
அப்படியென்றால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் நின்றிருக்க வேண்டும். பேட்டரி செத்திருந்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். சில முறை தாங்குகிறது, சில முறை தாங்கவில்லை என்றால், அந்தச் சில முறை மட்டும் யுபிஎஸ் மேல் கூடுதலாக ஏதோ பாரம் ஏறுகிறது. அந்த யுபிஎஸ்ஸில் வேறு என்னென்ன செருகியிருக்கிறீர்கள்? சர்வர், ஸ்விட்ச் மட்டும் என்று சொல்லாதீர்கள். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நூல்கண்டு
சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர், கேமரா பெட்டி, ஓனர் மானிட்டர், பிரிண்டர்.

அடுக்கு42
என்ன பிரிண்டர்?

நூல்கண்டு
லேசர்ங்க. பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான். லோடு கிளம்பும் நாளில் சாயங்காலம் கட்டுக்கட்டாக அடிப்போம்.

அடுக்கு42
முடிந்தது. லேசர் பிரிண்டருக்குள் டோனரைப் பேப்பரில் உருக்கி ஒட்டவைக்கும் ஃப்யூசர் என்று ஒரு பாகம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி வேலைதான். சூடேறும் ஒவ்வொரு முறையும் சில நூறு வாட், பெரிய பிரிண்டரானால் 1000 வாட் பக்கம்கூட இழுக்கும். உங்கள் 1 கேவிஏ யுபிஎஸ் உண்மையில் தருவது 600இலிருந்து 800 வாட்தான், பின்பக்க ஸ்டிக்கரில் வாட் என்ன என்று தனியாகப் பாருங்கள். அதில் சர்வரே 200, 250 எடுத்துவிடும். ஈபி லைனில் இருக்கும்வரை யுபிஎஸ் சமாளித்துக்கொள்ளும். கரண்ட் போய் ஜென்செட் எடுக்கும் அந்த இடைவெளியில் பிரிண்டரும் ஓடினால் யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் இன்வர்ட்டர் ஓவர்லோட் என்று கைவிட்டுவிடும். ஜென்செட் வந்ததும் யுபிஎஸ் எழும், சர்வரும் எழும். பிரிண்டர் ஓடாத நேரத்தில் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது. நீங்கள் யுபிஎஸ்ஸை நம்பியது அந்த நாட்களைப் பார்த்துத்தான்.

பிரிண்டரை அதிலிருந்து எடுத்துச் சுவர் சாக்கெட்டில் போடுங்கள். இன்னொரு வேலை: கேபிள் ரெண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகினால் ரெண்டு பவர் சப்ளை இருந்து என்ன பயன்? இன்னொரு யுபிஎஸ் வாங்கி ஆளுக்கொன்றாகப் பிரியுங்கள். வாங்கும்வரை ஒன்றை ஸ்டெபிலைசர் உள்ள நேரடி லைனிலாவது போடுங்கள்.

காங்கயம் காளை
நேரடி லைனில் போடச் சொல்றீங்க. ஜென்செட் எடுக்கும்போது வோல்ட்டேஜ் குதிக்கும், அந்தப் பவர் சப்ளை போச்சுன்னா யார் பொறுப்பு? எர்த்தும் தெரியாம, லைனும் தெரியாம.

அடுக்கு42
அந்தப் பவர் சப்ளை 100இலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும்.

காங்கயம் காளை
எங்க பக்கம் நியூட்ரல் விட்டுப்போனா 400 வருங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது. உப்பும் கரியும் போட்ட குழியா, கெமிக்கல் எர்த்தா, அதாவது தெரியுமா?

பல்லடம்தறி
உப்பு போட்டால் பைப் அரித்துவிடும். கெமிக்கல்தான் நல்லது.

காங்கயம் காளை
கெமிக்கல் என்று வாங்கிப் புதைக்கிற பொடியில் என்ன இருக்கென்று யாராவது கடித்துப் பார்த்தீர்களா? எர்த்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3043இலேயே உப்பும் கரியும் சொல்லியிருக்கு. கால்வனைஸ் பைப் போட்டு, வருஷம் ஒருக்கா அளந்து, கோடையில் தண்ணி ஊத்துனா எங்கப்பா போட்ட குழி இன்னிக்கும் நிக்குது.

வான்மேகம்
கிளவுட்டுக்கு எர்த் குழியே வேண்டாம் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

பீளமேட்டுப் பையன்
நூல்கண்டு அண்ணா, இத்தனை தடவை அறுந்து அறுந்து நின்றிருக்கிறது. டேட்டாபேஸை ஒருமுறை செக் செய்துவிடுங்க. டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டில் பேட்டரி இருக்கும், அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று அதே ஐடிராக்கில் ஸ்டோரேஜ் பக்கத்தில் பார்க்கலாம். அது செத்திருந்தால் எழுதிக்கொண்டிருக்கும் டேட்டாவைக் காப்பாற்ற ஆள் இல்லை. பேக்கப் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

நூல்கண்டு
பிரிண்டரை எடுத்தாச்சுங்க. இன்றைக்கும் கரண்ட் போச்சு, பேக்கிங் லிஸ்ட்டும் ஓடிச்சு, சர்வர் நிக்கலை. லோடு கிளம்பிருச்சு. எல்லோருக்கும் நன்றிங்க.

அடுக்கு42
ரெய்டு பேட்டரி என்ன சொல்கிறது? ஸ்டிக்கரில் எத்தனை வாட்? கால்வினை மாற்றினீர்களா?

மஞ்சள்மண்டி
ரேமை மாட்டி எடுத்ததிலும் சரியாகியிருக்கலாம்.

அடுக்கு42
நூல்கண்டு?

கரூர் கொசுவலை
இதைப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸ் யுபிஎஸ்ஸில் என்ன செருகியிருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அக்கவுண்ட்ஸ் அக்கா டீக்கு வெந்நீர் வைக்கும் கெட்டில் இருக்கிறது. 1500 வாட் என்று அடியில் எழுதியிருக்கிறது. எடுத்தால் சண்டைக்கு வருவார்கள், என்ன செய்வது?

காங்கயம் காளை
அந்தக் கெட்டில் பிளக்கில் எர்த் பின் இருக்குதா பாருங்க.