தொலைதூரத் தீவில் நிற்கும் பழைய பாய்மரப் படகு, பாதி விலை: வாங்கலாமா?

கடல்காகம்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு படகு மனதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 38 அடி, 1987-இல் அமெரிக்காவில் கட்டிய ஃபைபர்கிளாஸ் படகு, ஒற்றைப் பாய்மரம். நிற்கும் இடம் தென் பசிபிக்கில், பிரெஞ்சு பாலினீசியாவில் ராயாத்தியா தீவு. பனாமா வழியாக வந்த ஒரு தம்பதி உடல்நிலை சரியில்லாமல் ஊர் திரும்பிவிட்டார்கள், இரண்டு வருடமாகக் கரையில் படகு யார்டில் முட்டுக் கொடுத்து நிற்கிறது. இதே ரகம் மற்ற இடங்களில் போகும் விலையில் பாதிதான் கேட்கிறார்கள். படங்களில் உள்ளே பளிச்சென்று இருக்கிறது, சோலார், கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர், காற்றைப் பிடித்துத் தானே சுக்கானைத் திருப்பும் விண்ட்வேன் எல்லாம் பட்டியலில் உண்டு.

புரோக்கர் மூன்று வருடத்துக்கு முந்தைய சர்வே அறிக்கையை (படகைப் பரிசோதித்து எழுதியது) அனுப்பிவிட்டு, புதிதாக எடுக்கத் தேவையில்லை, இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், முன்பணத்தைப் போடுங்கள் என்கிறார். எனக்கு ஒரு வருட விடுப்பு கிடைத்திருக்கிறது. அக்டோபர் கடைசியில் போய், பத்து நாளில் தயார் செய்து, நவம்பர் தொடக்கத்தில் மேற்கே டோங்கா தீவுகள் பக்கம் கிளம்பலாம் என்று கணக்கு. இதுவரை ஓட்டியதெல்லாம் கரையோரம்தான், நீளமாகப் போனது ஒரே ஒரு தடவை, 400 கடல் மைல். இந்தத் திட்டம் சரியா?

பாய்க்கயிறு:

தம்பி, படகைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். தென் பசிபிக்கில் புயல் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மற்றவர்கள் டோங்காவை விட்டு நியூசிலாந்துக்கு இறங்கும் நேரத்தில் நீங்கள் ராயாத்தியாவில் படகைத் தண்ணீரில் இறக்கப் பார்க்கிறீர்கள். அங்கிருந்து டோங்காவே சுமார் 1,300 கடல் மைல், முன்பின் பழகாத படகு, இரண்டு வருடம் ஓடாத எஞ்சின். வேண்டாம். ராயாத்தியா கிழக்கே தள்ளி இருப்பதால் பெரும்பாலான வருடங்களில் தப்பிக்கும் என்பது உண்மைதான், ஆனால் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்த 1982-83 பருவத்தில் பிரெஞ்சு பாலினீசியாவையே புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. மே மாதம் இறக்கினால் புயல் இல்லாத பயணப் பருவம் முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று, அந்தப் படகு ஏன் அங்கே நிற்கிறது என்று யோசியுங்கள். பனாமாவிலிருந்து அங்கே வருவது முதுகில் தள்ளும் காற்றில், வழியில் உள்ள காலாபகோஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசஸ் தீவுகள் வரை மட்டுமே ஏறக்குறைய 3,000 கடல் மைல். வந்தவர்கள் திரும்ப வேண்டுமென்றால் அதே காற்றை எதிர்த்து ஏற வேண்டும். அதனால்தான் மனமோ உடம்போ தளர்ந்தவர்கள் படகை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். நாளைக்கு நீங்களே விற்க நினைத்தாலும் இதே நிலைதான். பாதி விலை என்பது அந்த இடத்துக்கான விலை, அதைப் படகின் தள்ளுபடி என்று எண்ணாதீர்கள்.

அலைமகள்:

நானும் என் கணவரும் இப்படி ஒரு ஒதுக்குப்புறத் தீவில்தான் படகு வாங்கினோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். படங்களில் எங்கள் படகும் பளபளவென்று இருந்தது. நேரில் போய் உள்ளே ஏறியதும் முதலில் முகத்தில் அடித்தது பூஞ்சை வாடை. புத்தக அலமாரிக்குப் பின்னால், பாய்மரத்தைப் பிடிக்கும் பக்கக் கம்பி வந்து சேரும் செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டைக்குக் கீழே, தேநீர் வடிந்தது போல ஒரு பழுப்புக் கோடு. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், மரத்துக்குள் ஈர கேக்கில் இறங்குவது போல இறங்கியது. பட்டையைக் கழற்றிப் பார்த்தால் வெளியே தெரியும் பகுதி கண்ணாடி மாதிரி, தளத்துக்குள் ஒளிந்திருந்த பகுதியில் போல்ட் ஓட்டையிலிருந்து மெல்லிய விரிசல். காற்றுப் படாமல் ஈரத்திலேயே இருக்கும் துருப்பிடிக்காத எஃகு இப்படித்தான் உள்ளுக்குள் அரிக்கும். அதோடு கடலுக்குப் போயிருந்தால் பாய்மரமே சாய்ந்திருக்கும். புது எஃகுப் பட்டைகள் வர ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் யார்டு வாடகை ஓடிக்கொண்டே இருந்தது.

அதனால் சொல்கிறேன், மூன்று வருடப் பழைய அறிக்கை போதாது. அது கரையில் நின்ற இந்த இரண்டு வருடத்துக்கு முந்தையது. மேல்தளத்தின் வடிகால் ஓட்டை இலையால் அடைத்தாலே போதும், மழைத் தண்ணீர் உள்ளே நிறையும். சர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள், புரோக்கர் கைகாட்டுபவர் வேண்டாம், பக்கத்துத் தீவிலிருந்து அவரை வரவழைக்கும் செலவையும் உங்கள் கணக்கில் வையுங்கள். சர்வேயர் வந்தாலும் நீங்களும் கூடவே நின்று பாருங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் டொக் டொக்கென்று பேசும், தளத்துக்குள்ளே வைத்த பால்சா என்ற லேசான மரம் ஊறிப்போன இடம் பொத்தென்று அடங்கிவிடும். பாயின் தையல் நூலை நகத்தால் சுரண்டுங்கள், பொடிந்தால் வெயில் தின்றுவிட்டது என்று பொருள். பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளில் பஞ்சை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள், சிக்கினால் ஒரு இழை அறுந்திருக்கிறது. எதுவும் சிக்காவிட்டாலும் கம்பிகளுக்குப் பத்து வயதைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் சேர்த்துவிடுங்கள், பல காப்பீட்டு நிறுவனங்கள் அந்த வயதைத்தான் கேட்கின்றன.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரே விஷயம்தான், நீங்கள் போய்த் தொடும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும், சூடான எஞ்சின் குறையைக் காட்டாமல் கிளம்பிவிடும். உங்களுக்கு முன்பே யாராவது ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை திரும்பப் போங்கள். இரண்டு வருட டீசல் தொட்டியில் கருப்புச் சளி படிந்திருக்கும், அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள்.

சுக்கான்:

மேலே இருவரும் சொன்னது சரி. நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தூரத்தில் வாங்குபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது அதில்தான்.

முன்பணத்தை விற்பவர் கையிலோ புரோக்கரின் சொந்தக் கணக்கிலோ போடாதீர்கள், மூன்றாவது ஆளிடம் பாதுகாப்பில் இருக்கட்டும். சர்வேயும் கடலில் ஓட்டிப் பார்ப்பதும் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன், இல்லையென்றால் முழுப்பணமும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். படகு கரையில் நிற்பதால், தண்ணீரில் இறக்கித் திரும்ப ஏற்றும் செலவு யாருடையது என்பதும் அதிலேயே வர வேண்டும். அமெரிக்காவில் 1987-இல் கட்டிய படகு என்றால் பின்பக்கம் வலது மேல் மூலையில் எழுத்தும் இலக்கமுமாக 12 குறிகள் கொண்ட, படகின் உடற்பகுதிக்கான அடையாள எண் பொறித்திருக்கும். இன்றைக்கே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பதிவுப் பத்திரத்தில் உள்ளதோடு ஒரு எழுத்து மாறினாலும் நில்லுங்கள். படகின் மேல் கடன் இருக்கிறதா என்று படகு எந்த நாட்டுக் கொடியில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் பதிவகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கொடியுள்ள படகு அங்கே தற்காலிக அனுமதியில்தான் நிற்கும். உரிமையாளர் மாறினால் அந்த அனுமதி என்ன ஆகும், வரி வருமா என்பதைச் சுங்கத்திடமே எழுத்தில் வாங்குங்கள், புரோக்கரின் வாய்வார்த்தை செல்லாது. முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசுங்கள், 400 மைல் அனுபவம்தான் என்றால், உங்களோடு ஒரு அனுபவசாலியும் வர வேண்டும் என்று அவர்கள் கேட்கக்கூடும்.

கடல்காகம்:

அண்ணா, அக்கா, நேரம் எடுத்து இவ்வளவு எழுதியதற்கு ரொம்ப நன்றி. புயல் பருவம் தெரிந்தே இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன் என்று இப்போது புரிகிறது. முன்பணத்தை நிறுத்திவிட்டேன். அடையாள எண் படம் கேட்டு இரண்டு நாளாகிறது, புரோக்கரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அக்டோபரில் பார்க்க மட்டும் போகிறேன், சர்வேயரையும் நானே பேசிவிட்டேன். சரியாக வந்தால் மே மாதம் இறக்குவேன். போகும்போது கையில் என்ன எடுத்துப் போகட்டும்?

அலைமகள்:

தலையில் மாட்டும் விளக்கு, குச்சியில் வைத்த சின்னக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, பிளாஸ்டிக் சுத்தியல், கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற உடுப்பு. முடிந்தால் மழை பெய்த மறுநாள் உள்ளே ஏறுங்கள், எங்கே ஒழுகுகிறது என்று படகே காட்டிவிடும். அந்த எண் படம் வராமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.