நாய் நம் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு சொல்: முகம்பார்த்தல்

அனைவருக்கும் வணக்கம். முடியாத வேலையில் நாய் உதவி தேடி நம் முகத்தைப் பார்க்கிறதே, நாய்களின் நடத்தை பற்றி எழுதும்போது அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

'மனிதமுக நோக்குநிலை' என்று ஒருவரும் 'கண்ணோட்டம்' என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். முதலாவது வாயில் நுழையாது. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்த சொல். குறளில் 58ஆம் அதிகாரமே அதுதான். கண்வழியே கசியும் இரக்கம். ஆனால் இன்று செய்தித்தாள் படிக்கிற எவரும் அதைப் 'பார்க்கும் கோணம்' என்றே எடுத்துக்கொள்வார்கள். மீட்டெடுக்க நம்மால் ஆகாது.

சொல்லுக்கு முன் செயலைப் பார்த்துவிடலாம். பென்னாகரம் பக்கம் எங்கள் சித்தப்பாவின் ஆட்டுப்பட்டியில் ஒரு நாட்டு நாய் உண்டு. போன வாரம் களி இருந்த தூக்குப்போசியை மோப்பம் பிடித்துவிட்டது. மூடி இறுக்கம். காலால் பிராண்டியது, உருட்டியது, கைப்பிடியைப் பல்லால் இழுத்தது. அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தது. போசியைப் பார்த்தது. மறுபடி முகம். குரைக்கவே இல்லை. அவர் எழுந்துபோய்த் திறந்துவிட்டார்.

இதைத்தான் புடாபெஸ்ட்டில் நாய்களின் நடத்தையை ஆராயும் ஆடம் மிக்லோஷியின் குழு 2003இல் சோதித்துக் காட்டியது. கையில் வளர்த்த ஓநாய்களையும் நாய்களையும் முதலில் தீனி எடுக்கப் பழக்கினார்கள். பிறகு எடுக்க முடியாதபடி செய்தார்கள். நாய்கள் சீக்கிரமே ஆளைத் திரும்பிப் பார்த்தன. ஓநாய்கள் தீனியோடேயே மல்லுக்கட்டின. 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வு இன்னும் ஆழம் போனது. நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இரண்டு பேருக்குமே ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது. கையில் வளர்த்த ஓநாயிடம் அது தெரியவில்லை. தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்கிற அதே சுரப்பு!

தாய், சேய் என்றதும்தான் எனக்குச் சொல் கிடைத்தது. இரண்டு மாதக் கைக்குழந்தையைப் பற்றி வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள்? "முகம் பார்க்க ஆரம்பிச்சிருச்சு." கண்ணில் பட்டால் போதாது, ஆளைத் தேடிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பேச்சு வரும். ஆகவே 'முகம்பார்த்தல்', ஒரே சொல்லாகச் சேர்த்து. சித்தப்பாவிடம் சொன்னேன், விளக்கம் கேட்காமலே தலையாட்டினார். எனக்கு அது பெரிய சான்று.

முகம் பார்க்கும் கண்ணாடி நினைவுக்கு வருமே என்பீர்கள். சரி, வரும். நாய்கள் கண்ணாடியில் தம்மை அடையாளம் காண்பதில்லை என்பதால் இந்தத் துறைக்குள் குழப்பம் வராது.

போசி, முகம், போசி என்று பார்வையை மாற்றி மாற்றிக் காட்டியதே, அதற்குத் தனிச்சொல் வேண்டும். 'கண்சுட்டல்' என்று வைத்திருக்கிறேன். 'சுட்டு' என்றதும் நெருப்புதான் முன்னே வந்து நிற்கிறது. இதைவிட நல்லதாக இருந்தால் தாருங்கள்.