கடிதத்தைப் பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டு, பெற்றவர்களைக் கேட்பது நியாயமா?

குடியாத்தம் டீச்சர் (கேள்வி):

குடியாத்தம் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருஷமா வேலை பார்க்கிறேன். போன வருஷம் என் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன், பதினாறு வயசு, ஒரு அமைப்போட 'பயிற்சி'க்குன்னு கிளம்பிப் போயிட்டான். எந்த அமைப்பு, சாதியா மதமா அரசியலா, எதுவும் எழுத மாட்டேன். எழுதினா கீழே வர்ற பதிலெல்லாம் அந்த அமைப்பைப் பத்தியே வரும், பையன் காணாமப் போயிடுவான்.

அவன் மாறினது எனக்குத் தெரிஞ்சுது. முதல்ல கூட உக்கார்ற பையனை மாத்திக்கிட்டான். அப்புறம் மத்தியானம் மத்த பசங்களோட உக்காந்து சாப்பிடறதை நிறுத்தினான். போன்ல பார்த்த யாரோ ஒருத்தர் பேச்சை அப்படியே ஏத்த இறக்கத்தோட பேச ஆரம்பிச்சான். நான் என்ன பண்ணேன்? 'பெற்றோரை அழைத்து வரவும்'னு ஒரு கடிதம் எழுதி, அதை அவன் கையிலயே கொடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு ஆள் இல்லை.

அப்பா பெங்களூர்ல மேஸ்திரி வேலை. அம்மா பீடி சுத்தறவங்க. அவன் போன நாலாம் நாள் அந்தம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க. ஜாமெட்ரி பாக்ஸ்ல எட்டா மடிச்சு வெச்சிருந்த என் கடிதத்தை எடுத்து நீட்டி, "இது இன்னா எழுதிகீது டீச்சர், முக்கியமானதா?"ன்னு கேட்டாங்க. விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. படிச்சுக் காட்டறதுக்குள்ள எனக்கு நாக்கு உள்ளே போயிடுச்சு.

போலீஸ் ஸ்டேஷன்ல அந்தம்மாகிட்ட சொன்னது: "பெத்த புள்ளைய பாத்துக்கத் தெரியாதா?"

பையன் நாப்பது நாள்ல திரும்பிட்டான், அது வேற கதை. லண்டன் விஷயத்தை இப்பதான் முழுசா படிச்சேன். 2015 பிப்ரவரி 17, பெத்னல் கிரீன் பள்ளி மாணவிகள் மூணு பேர், வயசு 15, 15, 16. கேட்விக் விமான நிலையத்துலேருந்து இஸ்தான்புல் போய், அங்கேருந்து சிரியாவுல ஐஎஸ் தீவிரவாத அமைப்புகிட்ட போயிட்டாங்க. அவங்க தோழி ஒருத்தி 2014 டிசம்பர்லயே போயிருந்ததால போலீஸ் இந்தப் பெண்களை விசாரிச்சிருக்கு. வாக்குமூலம் வாங்கப் பெற்றோர் சம்மதம் வேணும்னு கடிதம் எழுதி, அதை அந்தப் பெண்கள் கையிலேயே கொடுத்திருக்கு! பெண்கள் மறைச்சுட்டாங்க. பொண்ணு போன பிறகுதான் வீட்டுல கடிதம் கிடைச்சுது. லண்டன் போலீஸ் கமிஷனர் ஹோகன்-ஹவ் மார்ச்ல நாடாளுமன்றக் குழு முன்னாடி மன்னிப்புக் கேட்டார்.

ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கிட்ட யாருக்கும் அந்தக் கடிதம் எங்கே போகும்னு தெரியும். நான் உட்பட. அப்ப பொறுப்பு யாருது? குடும்பமா, அரசாங்கமா, நடுவுல நிக்கற என்னை மாதிரி ஆளா?

—

காட்பாடி ஜங்ஷன்:

பெத்தவங்கதான், டீச்சர். இதுல என்ன சந்தேகம்? எங்கப்பா ரயில்வே கேங்மேன். பத்தாவது கூடத் தாண்டல. ஆனா நான் எந்த சந்துல எவனோட நிக்கறேன்னு சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவருக்குத் தகவல் போயிடும். அந்த லண்டன் பொண்ணுங்க ஒரே நாள்ல கிளம்பினாங்களா? மாசக்கணக்கா ராத்திரி போன்ல உக்காந்திருக்கும். வீட்டுல யாரும் பார்க்கலயா? எல்லாத்துக்கும் சர்க்காரைக் கைகாட்டினா அப்புறம் புள்ளைய சர்க்காரே பெத்துக்கட்டும்.

—

ஓய்வு பெற்ற ஏட்டு:

தம்பி காட்பாடி, உங்கப்பா காலத்துல சந்துல நின்னீங்க, அதனால தகவல் போச்சு. இப்ப சந்து பாக்கெட்டுக்குள்ள இருக்கு. பக்கத்துல படுத்திருக்கிற அம்மாவுக்கே தெரியாது.

நான் 1979ல் வேலைக்குச் சேர்ந்தவன். அப்போது எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். திருப்பத்தூர் பக்கம் நக்சல் நடமாட்டம். 1980 ஆகஸ்ட் 6 அன்று இன்ஸ்பெக்டர் பழனிச்சாமி ஐயாவும் கூட இருந்த காவலர்களும் குண்டு வீச்சில் செத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தேதிக்குத் திருப்பத்தூரில் நினைவுத்தூணுக்கு மலர் வளையம் வைக்கிறோம். அதன் பிறகு போலீஸ் அதிகாரி தேவாரம் ஐயா தலைமையில் நக்சல் தேடுதல். அதில் நடந்தது சரியா தப்பா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

ஏலகிரி அடிவாரத்தில் ஒரு ஊர். பையன் ஆறு மாசமா வீட்டில் இல்லை, அப்பனைக் கூட்டி வா என்றார்கள். நான்தான் போய்க் கூட்டி வந்தேன். கட்டின வேட்டியோட வந்தார். "ஐடிஐ படிக்கிறான்னு நெனச்சிகினு இருந்தேன் சாமி" என்றார், திரும்பத் திரும்ப அதையே. மூணு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். காலையில் நான் டீ வாங்கிக் கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அந்த மனுஷனிடம் நாங்கள் தெரிந்துகொண்டது பூஜ்யம்.

அதுக்கப்புறம் அந்த ஊரில் எந்த அப்பனும், என் பையன் போக்கு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறவில்லை. எப்படி ஏறுவான்? டீச்சர் சொன்ன ஸ்டேஷனில் அந்தப் பீடி சுத்தற அம்மாவுக்குக் கிடைத்த பதிலும் அதே வேலையைத்தான் செய்திருக்கும். குடும்பம்தான் முதலில் மோப்பம் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. மோப்பம் பிடித்ததை யாரிடம் சொல்வது என்பதுதான் கேள்வி. சொன்னால் பிள்ளை உள்ளே போய்விடுவான் என்றால் பெற்றவள் வாயைத் திறக்க மாட்டாள்.

—

மேல்மொணவூர்க்காரன்:

வணக்கம் டீச்சர். நான் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில இருக்கிறன், 1990ல வந்தனாங்கள். இந்தக் கேள்வி எங்கட வீட்டுக் கேள்வி.

எங்கட அண்ணா 1984ல போனவர். பதினேழு வயசு. ரியூசனுக்கு எண்டு சொல்லிப்போட்டு சைக்கிளில வெளிக்கிட்டவர். இருட்டினாப்பிறகு அவற்ற கூட்டாளிப் பெடியன் வந்து சைக்கிள் திறப்பை அம்மாட்டக் குடுத்தவன். ஒரு சொல்லுச் சொல்லேல்ல. அம்மாவுக்குத் திறப்பைப் பாத்த உடன விளங்கிட்டுது. அவிச்ச புட்டை மூண்டு நாள் மூடி வச்சிருந்தா, பிறகு மாட்டுக்குப் போட்டா.

காட்பாடி அண்ணை, அம்மாவுக்குப் பிள்ளை வளக்கத் தெரியேல்லையோ? 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கட ஒழுங்கையில பதின்மூண்டு பெடியள் போனவங்கள். அண்ணா போனது டெலோ எண்ட ஆயுத இயக்கத்துக்கு. வள்ளத்தில வந்து, இந்தியாவில டேராடூன் பக்கம் பயிற்சி எடுத்தவர். அப்ப பதினேழு வயசுப் பிள்ளையின்ர கையில துவக்கைக் குடுத்ததே ஒரு அரசாங்கம்தான். அவரைச் சுட்டது ஆமியும் இல்லை. 1986ல புலிகள் டெலோவை அழிச்ச நேரம் செத்தவர்.

பிறகு வன்னியில வேற விதம். 2006, 2007ல புலிகளுக்கு வீட்டுக்கு ஒராள் கட்டாயம். என்ர அக்கா அங்க. மகளைப் பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள் எண்டு பதினாறு வயசில கலியாணம் கட்டிவைக்கப் பாத்தவா, பங்கருக்குள்ள ஒளிச்சு வச்சவா. கடைசியில பிடிச்சுக்கொண்டு போனவங்கள்தான். பொறுப்பான குடும்பத்துக்கும் அவ்வளவுதான் பலம்.

2009 மேயில சண்டை முடிய, சரணடைஞ்ச சின்னப் பிள்ளைகள் 594 பேர் எண்டு இலங்கை அரசாங்கம் கணக்குச் சொன்னது. அக்காவின்ர மகளும் அதில ஒராள். வழக்குப் போடேல்ல. புனர்வாழ்வு எண்டு வச்சு, ஒரு பகுதிப் பிள்ளையளை இரத்மலானை இந்துக் கல்லூரியில படிப்பிச்சு, ஒரு வருசத்துக்குள்ள வீட்ட விட்டவை. அந்த அரசாங்கத்தை நான் புகழுவன் எண்டு கனவிலயும் நினைக்கேல்ல. அவள் இப்ப ரெண்டு பிள்ளையின்ர தாய்.

—

சத்துவாச்சாரி வக்கீல்:

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். பதினெட்டு வயசுக்குக் கீழ காணாமப் போனா, கடத்தல்னு எடுத்துக்கிட்டு எஃப்ஐஆர் போடணும்னு 2013லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. "பாத்துக்கத் தெரியாதா"ன்னு கேட்டு அனுப்ப ஸ்டேஷனுக்கு உரிமை கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் உடனே போன் பண்ணலாம். 2015 சிறார் நீதிச் சட்டம் 83ஆவது பிரிவு, அரசு சாராத ஆயுதக் குழு ஒண்ணு குழந்தையைச் சேர்த்தா சேர்த்தவனுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல், அஞ்சு லட்சம் அபராதம்னு சொல்லுது. அந்தப் பிரிவோட கண்ணுல பிள்ளை பாதிக்கப்பட்டவன். ஆனா பதினாறு தாண்டி, கொடுங்குற்றம்னு வந்தா பெரியவங்க மாதிரி விசாரிக்கவும் அதே சட்டத்துல வழி இருக்கு. ஏட்டு ஐயா சொன்ன பயம் வெறும் பயம் இல்லை.

மறுபக்கமும் சொல்லணும். 2014ல ஐஎஸ்ல சேரப் போன ஹைதராபாத் கல்லூரிப் பையன்கள் சிலரை கொல்கத்தாவுல நிறுத்தி, கேஸ் போடாம, புத்தி சொல்லிப் பெற்றோர்கிட்ட விட்டாங்க. அவங்கள்ல ஒருத்தன் 2015 டிசம்பர்ல நாக்பூர் விமான நிலையத்துல மறுபடி மாட்டினான். வீட்டுல கொண்டு விட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு போலீஸ் போயிட்டா அந்த வீடு மட்டும் என்ன பண்ணும்? ஜெர்மனியில 2012லேருந்து இதுக்குன்னே பெற்றோர் கூப்பிட ஒரு ஆலோசனை எண் வெச்சிருக்காங்க. அதை நடத்தறது குடியேற்றத் துறை, போலீஸ் இல்லை.

லண்டன் கதையோட வாலையும் சேர்த்துப் படிங்க டீச்சர். அந்த மூணு பேர்ல ஷமீமா பேகம் 2019ல சிரியா முகாம்ல கிடைச்சப்ப வயசு 19. பிரிட்டன் அரசாங்கத்துல குடியுரிமையைப் பறிச்சாங்க. அவங்க சொன்ன காரணம், பெற்றோர் வழியில அவ பங்களாதேஷ் குடிமகள்ங்கறது. பங்களாதேஷ் எங்க ஆள் இல்லைன்னுடுச்சு. 2023ல பிரிட்டன் தீர்ப்பாயம், அவ கடத்தப்பட்டிருக்கலாம்னு நம்பத்தக்க சந்தேகம் இருக்கு, அவளை நாட்டை விட்டுப் போகவிட்டதுல அரசு அமைப்புகள் கடமை தவறியிருக்கலாம்னும் எழுதிட்டு, மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணுச்சு. 2024லயும் அதே முடிவு. கடிதம் வீட்டுக்குப் போகலன்னா அப்பா அம்மா தப்பு. நாடு இல்லாமப் போனா அப்பா அம்மா நாட்டுல தேடிக்கோ.

—

காட்பாடி ஜங்ஷன்:

மேல்மொணவூர் அண்ணா, திறப்புன்னா சாவின்னு தெரியாம ரெண்டு தடவை படிச்சேன். தெரிஞ்ச பிறகு ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா டீச்சர், அந்த அப்பா பெங்களூர்லேருந்து வாரம் ஒரு போன் பண்ணியிருக்கலாம்னு இப்பவும் சொல்லுவேன்.

—

குடியாத்தம் டீச்சர்:

பண்ணியிருக்கார், தம்பி. ஞாயித்துக்கிழமை தவறாம. பையன்தான் எடுப்பான், "ஸ்கூல் நல்லா போவுதுப்பா"ன்னுவான். வீட்டுல இருந்தது அந்த ஒரே போன்.

வக்கீல் சாருக்கு நன்றி, 2013 தீர்ப்பு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தம்மா கூட நானே ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன். அன்னைக்கு எனக்கு மூணாவது பீரியட் இருந்துது, அதான் போகல. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

பையன் இப்ப பன்னிரண்டாவது. கடைசி பெஞ்ச். பேச்சு குறைச்சல். மத்தியானம் மத்த பசங்களோட உக்காந்து சாப்பிடறான், அதை மட்டும் தினமும் பார்த்துக்கறேன்.

நேத்து வருகைப் பதிவேட்டை எடுத்து உக்காந்து பெற்றோர் நம்பருக்கெல்லாம் ஒவ்வொண்ணா போன் போட்டேன். 41 பேர். அதுல 13 நம்பரை எடுத்தது என் வகுப்புப் பசங்களேதான். ஒருத்தன் குரலைக் கனமாக்கிக்கிட்டு, "நான் அவங்கப்பா பேசறேன், சொல்லுங்க"ன்னான். பின்னாடி கிரிக்கெட் சத்தம் கேட்டுது.